தலைமுடியில் 5,000-ல் ஒரு பங்கு மெல்லிசு... ரத்தத்தை வடிகட்டுமா சிலிக்கான் சல்லடை? தயாரிப்பது எப்படி, சோதிப்பது எப்படி? முழு விளக்கம்

டயாலிசிஸ் என்ற வார்த்தையைக் கேள்விப்படாதவர்கள் இன்று குறைவு. சிறுநீரகம் செயலிழந்த ஒருவர் பொதுவாக வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் மெஷினோடு இணைந்திருக்க வேண்டும். மெஷின் பெருசு, பக்கத்தில் தண்ணீர் சுத்திகரிப்பு, குழாய், பம்ப் எல்லாம் உண்டு. ஆனால் உண்மையில் வேலை செய்வது ஒரே ஒரு பொருள்தான். அதுதான் சல்லடை. கழிவை வெளியே விடணும், உடம்புக்கு வேண்டிய புரதத்தை உள்ளேயே நிறுத்தணும். அவ்வளவுதான் அதன் வேலை. அதைச் சரியாகச் செய்யும் சல்லடையைச் செய்வதுதான் கஷ்டம்.

கம்ப்யூட்டர் சிப் செய்யும் அதே சிலிக்கானில், சில நானோமீட்டர் அளவுள்ள கோடிக்கணக்கான ஓட்டைகளோடு ஒரு சல்லடை செய்ய முடியும் என்று அமெரிக்காவில் உள்ள ரோசெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-ல் காட்டினார்கள். 'துளையுள்ள சிலிக்கான் நானோ சவ்வு' என்று இதைச் சொல்லலாம். இதை வைத்து 'செயற்கை சிறுநீரகம் வந்தாச்சு' என்ற மாதிரி செய்திகள் அவ்வப்போது போனில் சுற்றிக்கொண்டே இருக்கும். உண்மையில் இது எந்த நிலையில் இருக்கு? எப்படி செய்கிறார்கள்? கண்ணுக்கே தெரியாத ஓட்டை சரியாக இருக்கா, இல்லையா என்று எப்படி கண்டுபிடிக்கிறார்கள்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுருக்கமா சொன்னா...

• சவ்வின் தடிமன் சுமார் 15 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனை 80,000 நானோமீட்டர் என்று வைத்தால், அதில் 5,000-ல் ஒரு பங்குதான் இது.

• ஓட்டைகளின் சராசரி அளவு சுமார் 5 முதல் 25 நானோமீட்டர் வரை. சூடாக்கும் வெப்பத்தை மாற்றினால் இந்த அளவும் மாறும்.

• ஓட்டைகளை யாரும் ஒவ்வொன்றாகத் துளைப்பதில்லை. சூடாக்கும்போது தானாகவே உருவாகின்றன.

• செய்வது பாதி வேலைதான். சோதித்து நிரூபிப்பது மீதி பாதி.

• மனிதர்களுக்கான டயாலிசிஸில் இது இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை.

சல்லடை ஏன் மெல்லிசா இருக்கணும்?

ஒரு உதாரணம். டீ வடிகட்டியில் டீ உடனே இறங்கிவிடும். அதே டீயை நாலாக மடித்த துணியில் ஊற்றினால்? சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். ஓட்டை எவ்வளவு பெருசு என்பது மட்டும் முக்கியமில்லை. அந்த ஓட்டை எவ்வளவு நீளம் என்பதும் முக்கியம்.

இன்று டயாலிசிஸில் பயன்படுவது பாலிமர் இழைகள். உள்ளே ரத்தம் ஓடும் அளவுக்குக் குழலாக இருக்கும் இந்த இழைகளின் சுவர்த் தடிமன் பொதுவாக 40 மைக்ரான் அளவில் இருக்கும். ஒரு மைக்ரான் என்றால் 1,000 நானோமீட்டர். அப்படிப் பார்த்தால் 40 மைக்ரான் சுவரைத் தாண்டும் ஒரு மூலக்கூறு, 15 நானோமீட்டர் சவ்வைத் தாண்டுவதைவிட 2,600 மடங்குக்கு மேல் தூரம் போகணும். பாலிமர் சுவரில் உண்மையாகப் பிரித்தெடுக்கும் வேலையைச் செய்வது உள்பக்கத்தில் உள்ள மெல்லிய தோல் மட்டும்தான், மற்றது தாங்கிப் பிடிக்க இருக்கிறது. அந்தத் தோலே சுமார் ஒரு மைக்ரான் வரும். அதுவும் நேர்ப் பாதை கிடையாது, பஞ்சுக்குள் போவது மாதிரி வளைந்து நெளிந்து போகணும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பாலிமரில் ஓட்டைகள் ஒரே அளவாக இருக்காது. சின்னது, பெருசு எல்லாம் கலந்திருக்கும். இதன் பாதிப்பு நோயாளியின் உடம்பில் தெரியும். யூரியா ரொம்பச் சின்ன மூலக்கூறு. அதன் மூலக்கூறு எடை 60. எந்தச் சல்லடையும் அதை விட்டுவிடும். ஆனால் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதத்தின் எடை சுமார் 11,800. இது வெளியே போகணும். போகாமல் பல வருஷம் சேர்ந்தால் மூட்டுகளில் படிந்து வலியை உண்டாக்கும், மணிக்கட்டில் நரம்பை அழுத்தும். இன்னொரு பக்கம் ஆல்புமின் என்ற புரதம். எடை சுமார் 66,500. இது வெளியே போகவே கூடாது. ரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்து வைப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

எடையில் ஐந்தரை மடங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தாலும், மூலக்கூறின் குறுக்களவில் பார்த்தால் அவ்வளவு வித்தியாசம் வராது. ஒன்றை விட்டு மற்றதைப் பிடிக்கணும்னா ஓட்டைகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தே ஆகணும். நம்ம சிறுநீரகம் இதைச் செய்துகொண்டே ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகிறது என்பது சாதாரண விஷயம் இல்லை.

தொத்திறைச்சி உறையில் தொடங்கிய கதை

டயாலிசிஸின் வரலாறே ஒரு வகையில் சல்லடையைத் தேடிய வரலாறுதான். நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, 1943-ல் சுழலும் டிரம் வடிவில் ஒரு டயாலிசிஸ் கருவியைச் செய்தார். அதில் சல்லடையாகப் பயன்பட்டது செலோஃபேன் குழாய். சாசேஜ் எனப்படும் தொத்திறைச்சிக்கு உறையாகப் போடும் அதே பொருள்தான். 1945-ல் அந்தக் கருவியால் ஒரு பெண் நோயாளி உயிர் பிழைத்தார். அதன் பிறகு செலோஃபேன் போய் நவீன பாலிமர்கள் வந்தன. சிலிக்கான் அந்த வரிசையில் அடுத்ததாக நிற்கப் பார்க்கிறது.

ஒரு சின்ன விளக்கம்: சிலிக்கான் வேறு, சிலிகோன் வேறு. சிலிகோன் என்பது ரப்பர் மாதிரி வளையும் பொருள். இங்கே பேசுவது சிலிக்கான். மணலில் இருந்து பிரித்தெடுக்கப்படும் தனிமம், போனுக்குள் இருக்கும் சிப்புக்கு அடிப்படை.

2007-ல் 'நேச்சர்' இதழில் இந்தச் சவ்வு பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளியானது. கிறிஸ்டோபர் ஸ்ட்ரீமர், தாமஸ் கபோர்ஸ்கி, ஜேம்ஸ் மெக்ராத், ஃபிலிப் ஃபோஷே ஆகிய நால்வரும் அதை எழுதியிருந்தார்கள். சவ்வைப் பக்கவாட்டில் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது, தடிமன் சுமார் 50 அணு அளவுதான் என்று அப்போது பல்கலைக்கழகம் விளக்கியது. அதே ஆண்டில் இந்தச் சவ்வைத் தயாரிப்பதற்காக 'சிம்போர்' என்ற நிறுவனமும் தொடங்கப்பட்டது.

எப்படி தயாரிக்கிறாங்க?

எல்லாம் சுத்த அறையில்தான் நடக்கும். ஒரு தூசி விழுந்தால்கூட அது சவ்வைவிட நூறு மடங்கு பெருசு. அதனால் தலை முதல் கால் வரை மூடும் உடையோடுதான் உள்ளே போக முடியும்.

முதல் கட்டம்: அடுக்கு போடுவது. வட்டத் தகடாக இருக்கும் சிலிக்கான் வேஃபரை எடுக்கிறார்கள். அதன் மேல் மூன்று அடுக்கு. முதலில் 20 நானோமீட்டர் அளவில் சிலிக்கான் ஆக்ஸைடு, நடுவில் 15 நானோமீட்டர் சிலிக்கான், மேலே மறுபடி ஆக்ஸைடு. சாண்ட்விச் மாதிரி. நடுவில் உள்ள சிலிக்கானில் அணுக்கள் வரிசை இல்லாமல், கண்ணாடியில் இருப்பது மாதிரி தாறுமாறாக இருக்கும்.

இரண்டாம் கட்டம்: சூடாக்குவது. இதுதான் முக்கியமான இடம். வேஃபரை 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் சட்டென்று சூடாக்குகிறார்கள். மணிக்கணக்கில் வேக வைப்பதில்லை, சில நொடிகள்தான். அப்போது தாறுமாறாக இருந்த அணுக்கள் அங்கங்கே வரிசைக்கு வந்து நானோ படிகங்களாக மாறுகின்றன. சர்க்கரைப் பாகில் கற்கண்டு பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். படிகம் ஆகும்போது அணுக்கள் நெருங்கி உட்காரும். மேலேயும் கீழேயும் ஆக்ஸைடு இறுக்கிப் பிடித்திருப்பதால் அடுக்கு மொத்தமாகச் சுருங்க முடியாது. அதனால் படிகங்களுக்கு நடுவில் இடைவெளி விழுகிறது. அடுக்கு ரொம்ப மெல்லிசு என்பதால் அந்த இடைவெளி மேலிருந்து கீழ் வரை முழு ஓட்டையாகிவிடுகிறது.

ஓட்டையின் அளவைக் கூட்டணுமா, குறைக்கணுமா? வெப்பத்தை மாற்றினால் போதும். சில பத்து டிகிரி கூட்டினாலே ஓட்டைகள் பெரிதாவதை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். எலக்ட்ரான் கற்றையை வைத்து ஒவ்வொரு ஓட்டையாகத் துளைக்கவும் முடியும்தான். ஆனால் கோடிக்கணக்கில் துளைப்பது நடக்கிற காரியமா? இங்கே எல்லா ஓட்டைகளும் ஒரே நேரத்தில் வருகின்றன.

மூன்றாம் கட்டம்: பின்பக்கம் குடைவது. சவ்வு இன்னும் கெட்டியான வேஃபரின் மேல் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அதைத் தாண்டி எதுவும் போகாது. அதனால் வேஃபரின் பின்பக்கத்தில் சின்னச் சின்ன சதுரங்களைக் குறித்து, அங்கே மட்டும் ரசாயனத்தால் அரிக்கிறார்கள். இந்த ரசாயனம் சிலிக்கானைத் தின்னும், ஆக்ஸைடை அவ்வளவாகத் தொடாது. எனவே குடைந்துகொண்டே வந்து முதல் ஆக்ஸைடு அடுக்கில் நின்றுவிடும். வேஃபர் 300 மைக்ரான் தடிமன் என்று வைத்துக்கொண்டால், சவ்வைவிட 20,000 மடங்கு தடிமனான பொருளைக் குடைந்து, கடைசி 15 நானோமீட்டரைத் தொடாமல் நிறுத்தணும். ஆக்ஸைடு இல்லாவிட்டால் இது முடியாது.

நான்காம் கட்டம்: ஆக்ஸைடை நீக்குவது. மேலும் கீழும் உள்ள ஆக்ஸைடை ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் கலந்த கரைசலில் கரைக்கிறார்கள். இந்த அமிலம் பொல்லாதது. தோலில் பட்டால் சில சமயம் உடனே எரிச்சல்கூடத் தெரியாது. ஆனால் உள்ளே ஊடுருவி உடம்பின் கால்சியத்தோடு சேர்ந்துவிடும். நிறைய பட்டால் இதயத் துடிப்பே பாதிக்கும். அதனால்தான் இந்த அமிலம் இருக்கும் ஆய்வகங்களில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பார்கள்.

இத்தனையும் முடிந்தால் கையில் கிடைப்பது ஒரு சின்ன சிப். அதன் நடுவில் ஜன்னல் மாதிரி ஒரு சதுரம். பக்கத்துக்கு 200 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த ஜன்னலில்தான் சவ்வு தாங்கல் எதுவும் இல்லாமல் நிற்கிறது. ஓட்டைகள் சராசரியாக 20 நானோமீட்டர், மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு ஓட்டை என்று வைத்துக் கணக்குப் போட்டால், அந்த ஒரு ஜன்னலில் மட்டும் 1.2 கோடிக்கு மேல் ஓட்டைகள் இருக்கும்.

சரி, இது நல்ல சல்லடைதான்னு எப்படி தெரியும்?

இங்கேதான் உண்மையான சவால். 1.2 கோடி ஓட்டையில் ஒன்று மட்டும் பெரிதாக இருந்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். இவ்வளவு மெல்லிய சவ்வில் ஒரு ஓட்டையின் குறுக்களவு 10 மடங்கு கூடினால், அது வழியாகப் பாயும் நீர் 1,000 மடங்குக்குக் குறையாமல் கூடும். அதாவது ஒரே ஒரு கெட்ட ஓட்டை ஆயிரம் நல்ல ஓட்டைக்குச் சமம். சவ்வில் ஒரு சின்ன கீறல் விழுந்தால் அவ்வளவுதான், எல்லாம் அது வழியாகப் போய்விடும். அதனால் ஒரே சோதனையை நம்ப முடியாது. பல சோதனைகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துத்தான் முடிவுக்கு வருகிறார்கள்.

சோதனை 1: கண்ணால் பார்ப்பது. சாதாரண மைக்ரோஸ்கோப்பில் ஓட்டை தெரியாது. ஆனால் ஜன்னல் கிழிந்திருக்கா, சுருங்கியிருக்கா என்பது தெரியும். கெட்டுப்போன சிப்கள் இங்கேயே கழிந்துவிடும்.

சோதனை 2: எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப். எலக்ட்ரான்கள் ஊடுருவிப் போகும் வகை மைக்ரோஸ்கோப்பில் பொதுவாக எந்தப் பொருளையும் மிக மெல்லிசாகச் சீவித்தான் வைக்கணும். இந்தச் சவ்வு ஏற்கெனவே அவ்வளவு மெல்லிசு, அப்படியே வைக்கலாம். ஓட்டைகள் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும். படத்தை எடுத்து, மென்பொருளை வைத்து ஒவ்வொரு ஓட்டையையும் அளந்து, எந்த அளவில் எத்தனை ஓட்டை என்று வரைபடம் போடுகிறார்கள். ஆனால் ஒரு குறை உண்டு. ஒரு படம் ஒரு மைக்ரான் சதுரத்தைக் காட்டினால், அது ஜன்னலின் 40,000-ல் ஒரு பங்குதான். ஒரு சோறு பதம் பார்ப்பது மாதிரி. பானை முழுக்க வெந்திருக்கா என்று இதை வைத்து மட்டும் அடித்துச் சொல்ல முடியாது.

சோதனை 3: அழுத்தம். 15 நானோமீட்டர் தடிமனில் 200 மைக்ரான் அகலம் என்பதைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள அட்டை 13 மீட்டர் அகலத்துக்குத் தாங்கலே இல்லாமல் நிற்பது மாதிரி. ஒரு பக்கத்திலிருந்து காற்றழுத்தம் கொடுக்கும்போது இது கிழிந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் ஒரு வளிமண்டல அழுத்தம் வரை கொடுத்தும் சவ்வு உப்பியதே தவிர உடையவில்லை, அழுத்தத்தை எடுத்ததும் பழையபடி தட்டையானது. 2007 கட்டுரையில் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்த முடிவு இது. காரணம் இருக்கு. ஜன்னல் சின்னது என்பதால் அதன் மேல் விழும் மொத்த விசை ஒரு கிராமில் பாதிகூட வராது. தவிர, சவ்வு வழவழப்பாக இருப்பதால் விரிசல் தொடங்குவதற்கான பலவீனமான இடங்களும் குறைவு.

சோதனை 4: நீர், காற்று ஓட்டம். குறிப்பிட்ட அழுத்தத்தில் ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு நீர் அல்லது காற்று தாண்டுகிறது என்று அளக்கிறார்கள். மைக்ரோஸ்கோப் படத்தில் எண்ணிய ஓட்டைகளை வைத்து எவ்வளவு தாண்டணும் என்று கணக்குப் போடலாம். இரண்டும் பொருந்தினால் நல்லது. அளந்தது கணக்கைவிட ரொம்ப அதிகமாக வந்தால் எங்கேயோ கண்ணில் படாத கிழிசல் இருக்கு என்று அர்த்தம். குறைவாக வந்தால் ஓட்டைகள் அடைத்திருக்கு, இல்லை நீரே சரியாக நனையவில்லை என்று அர்த்தம். படத்தில் தெரியாத மீதி பங்கைப் பிடிக்க இதுதான் வழி.

சோதனை 5: மூலக்கூறுகளை விட்டுப் பார்ப்பது. சவ்வின் ஒரு பக்கம் ஒளிரும் சாயம் கலந்த கரைசல், மறுபக்கம் சுத்தமான கரைசல். நேரம் ஆக ஆக மறுபக்கம் எவ்வளவு ஒளிர்கிறது என்று பார்க்கிறார்கள். ஏற்கெனவே உள்ள சவ்வுகளைவிட பத்து மடங்கு அளவுக்கு வேகமாக மூலக்கூறுகள் தாண்டியதை ரோசெஸ்டர் குழு பதிவு செய்தது. அடுத்து புரதம். எடை சுமார் 67,000 உள்ள மாட்டு ஆல்புமின் ஒரு பக்கம், எடை சுமார் 1,50,000 உள்ள இம்யூனோகுளோபுலின் ஜி இன்னொரு பக்கம். இந்த இரண்டையும் சவ்வால் பிரித்துக் காட்டினார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் தங்க நானோ துகள்களையும் விட்டுப் பார்த்தார்கள். தங்கத் துகள் கெட்டியான உருண்டை, அளவும் தெரிந்தது. அதனால் அளவுகோல் மாதிரி பயன்படும். சில நானோமீட்டர் வித்தியாசம் உள்ள துகள்களையே இந்தச் சவ்வால் பிரிக்க முடிந்தது.

இதில் இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. ஓட்டையின் அளவு மட்டும் எல்லாவற்றையும் முடிவு செய்யவில்லை. சிலிக்கான் காற்றில் பட்டதும் அதன் மேல் ஆக்ஸைடு படியும். நீரில் இந்தப் பரப்பு எதிர் மின்னூட்டம் உள்ளதாக மாறும். அதனால் எதிர் மின்னூட்டம் கொண்ட மூலக்கூறு ஓட்டையைவிட சின்னதாக இருந்தாலும் தள்ளப்படும். கரைசலில் உப்பைக் கூட்டினால் இந்த விளைவு குறையும். ரத்தத்தில் உப்பு உண்டு. எனவே ஆய்வகத்தில் உப்பில்லாத நீரில் கிடைத்த முடிவை அப்படியே ரத்தத்துக்குப் பொருத்த முடியாது.

கரைந்துபோன சவ்வு

சோதனைகளிலேயே ரொம்ப முக்கியமானது காலம். செல்களை வளர்க்கப் பயன்படும் கரைசலில் இந்தச் சிலிக்கான் சவ்வைப் போட்டு வைத்தால், சில நாட்களில் அது கரைந்து போவதை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். கரைந்து உருவாகும் பொருள் சிலிசிக் அமிலம், உடம்புக்குப் பெரிய கெடுதல் இல்லாதது. சில வேலைகளுக்கு இது வசதிகூட. உதாரணத்துக்கு, இரண்டு செல் அடுக்குகளை வளர்த்து, நடுவில் உள்ள சவ்வு தானாக மறைந்தால் நல்லதுதானே. ஆனால் ரத்தத்தை வடிகட்டும் சல்லடை பாதியில் கரைந்தால்?

இதற்கான விடை 2014-ல் வெளியான ஆய்வில் வந்தது. சிலிக்கான் சவ்வை நேரடியாகச் சல்லடையாக வைக்காமல், அச்சாக மட்டும் வைத்துக்கொள்வது. கீழே சிலிக்கான் நைட்ரைடு என்ற உறுதியான அடுக்கு, மேலே ஓட்டை உள்ள சிலிக்கான். பிளாஸ்மாவால் அரிக்கும்போது மேலே உள்ள ஓட்டைகள் அப்படியே கீழே உள்ள நைட்ரைடில் பதிந்துவிடும். கோலமாவை அச்சு வழியாகத் தூவினால் அச்சில் உள்ள வடிவம் தரையில் விழுவது மாதிரி. நைட்ரைடு சவ்வின் தடிமன் சுமார் 50 நானோமீட்டர். கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் பாலிமரோடு ஒப்பிட்டால் மெல்லிசு. உறுதி அதிகம், கரையும் பிரச்சினையும் குறைந்தது. அதன் பிறகு வந்த டயாலிசிஸ் முயற்சிகளில் இந்த நைட்ரைடு சவ்வுதான் முன்னால் நிற்கிறது. எலிகளில் சின்ன அளவு டயாலிசிஸ் செய்து பார்க்கும் ஆய்வுகளும் நடந்தன.

அப்போ டயாலிசிஸ் மெஷின் சட்டைப் பையில் அடங்கிவிடுமா?

கணக்கைப் பாருங்கள். இன்றைய டயாலிசிஸ் வடிகட்டியின் மொத்தச் சவ்வுப் பரப்பு பொதுவாக 1 முதல் 2.5 சதுர மீட்டர் வரை. 1.5 சதுர மீட்டர் என்று வைத்தால், 200 மைக்ரான் ஜன்னல்கள் 3.75 கோடி தேவை. நானோ சவ்வில் மூலக்கூறு வேகமாகத் தாண்டும் என்பதால் அவ்வளவு பரப்பு தேவைப்படாது. அதுதான் இதன் மீதுள்ள நம்பிக்கையே. ஆனாலும் ஆய்வகத்தில் காட்டிய ஒரு ஜன்னலுக்கும் ஒரு மனிதருக்குத் தேவையானதற்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கு. இத்தனை ஜன்னல்களில் ஒன்றுகூட கிழியக் கூடாது. ஒன்று கிழிந்தாலும் ரத்தம் மறுபக்கம் போய்விடும்.

இன்னொரு தடை ரத்தமே. ரத்தம் எந்த அந்நியப் பொருளைத் தொட்டாலும் அதன் மேல் புரதம் படியும், உறையப் பார்க்கும். 15 நானோமீட்டர் ஓட்டையில் சில நானோமீட்டர் தடிமனுக்குப் புரதம் படிந்தாலே ஓட்டை பாதியாகிவிடும். அதனால் சவ்வின் மேல் புரதம் ஒட்டாத பூச்சு கொடுக்கும் ஆய்வுகள் தனியாக நடக்கின்றன. அந்தப் பூச்சும் சில நானோமீட்டருக்குள் இருக்கணும், இல்லாவிட்டால் பூச்சே ஓட்டையை அடைத்துவிடும். தண்ணீரும் ஒரு பிரச்சினை. ஒரு முறை டயாலிசிஸுக்கு நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் 4 மணி நேரத்தில் 120 லிட்டர் திரவம் ஓடுகிறது. வடிகட்டி எவ்வளவு சின்னதாக ஆனாலும், இந்தத் திரவத்துக்கு மாற்று வழி கிடைக்காமல் மெஷின் பைக்குள் அடங்காது.

சிலிக்கான் சவ்வை வைத்து வேறொரு பாதையில் போகும் குழுவும் உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் சுவோ ராய், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஃபிஸ்ஸெல் ஆகியோர் தலைமையில் 'கிட்னி புராஜெக்ட்' நடக்கிறது. இவர்களின் சவ்வில் வட்ட ஓட்டைக்குப் பதில் குறுகிய பிளவுகள். சிப் தயாரிப்பு முறையில் திட்டமிட்டே வெட்டப்படுபவை. உடம்புக்குள் பொருத்தும் கருவிதான் இவர்களின் இலக்கு. சிறுநீரகச் செல்களைச் சவ்வுக்குப் பின்னால் பாதுகாப்பாக வைத்த ஒரு கருவி, பன்றிகளின் உடம்பில் 7 நாள் வேலை செய்ததாக 2023-ல் இந்தக் குழு கட்டுரை வெளியிட்டது. இது போன்ற ஆய்வுகளை வைத்துத்தான் 'செயற்கை சிறுநீரகம் ரெடி' என்ற பார்வேர்டுகள் பறக்கின்றன. அது 7 நாள், அதுவும் பன்றி என்பதை மறக்கக் கூடாது.

இப்போதைக்கு இது எதற்குப் பயன்படுது?

ஆய்வகங்களில் பயன்படுகிறது. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் மாதிரியை வைக்கும் மெல்லிய தளமாக இந்த வகைச் சவ்வுகள் விற்பனையில் இருக்கின்றன. ரத்தக் குழாய்ச் சுவர் மாதிரியான செல் அடுக்குகளைச் சிப்பில் வளர்த்து, மருந்து எப்படி தாண்டுகிறது என்று பார்க்கவும் பயன்படுகின்றன. சவ்வு கண்ணாடி மாதிரி தெளிவாக இருப்பதால் செல்களை மைக்ரோஸ்கோப்பில் நேராகப் பார்க்கலாம். தண்ணீரில் உள்ள நுண் பிளாஸ்டிக்கை வடிகட்டி, அதே சவ்வின் மேல் வைத்து எண்ணும் ஆய்வுகளும் வந்திருக்கின்றன.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி பார்த்தால்...

'புதிய சவ்வு, டயாலிசிஸுக்கு முடிவு' என்று ஒரு லிங்க் வந்தால், ஷேர் செய்வதற்கு முன் இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. எதில் சோதித்தார்கள்? உப்பு நீரிலா, ரத்தத்திலா, விலங்கிலா, மனிதரிலா?

2. எவ்வளவு பரப்பில்? ஒரு மில்லிமீட்டர் ஜன்னலிலா, முழு வடிகட்டியிலா?

3. எவ்வளவு நேரம்? சில மணி நேரமா, நாட்களா, மாதங்களா?

4. என்ன தாண்டியது என்பதோடு என்ன தாண்டவில்லை என்பதையும் சொல்கிறார்களா? யூரியா போனது என்பது பெரிய விஷயமில்லை. ஆல்புமின் நின்றதா?

5. எத்தனை சிப்பில் கிடைத்த முடிவு? நன்றாக வந்த ஒன்றை மட்டும் காட்டுகிறார்களா, கிழிந்தவற்றையும் சேர்த்து எண்ணினார்களா?

ஐந்துக்கும் பதில் இருந்தால் அந்தச் செய்தியை நம்பிப் படிக்கலாம். எந்தச் செய்தியைப் படித்தாலும், டயாலிசிஸ் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு முறைகூட சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. சல்லடை மெல்லிசாகிக்கொண்டே வருவது உண்மை. அது நோயாளியின் ரத்தத்தைத் தொடுவதற்கு முன் தாண்ட வேண்டிய சோதனைகள் இன்னும் பல இருப்பதும் உண்மை.